வினாவை எழுதியவர் யார்?
வொஷிங்டன் மாநிலத்தின் மதுவிற்பனையும் வாக்காளர் தீர்ப்பும், 1912–2012

1

அரசு நடத்தும் மதுவிற்பனையைத் தனியாரிடம் ஒப்படைக்கலாமா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து ஒழுக்கம் சார்ந்த ஒன்றாகவோ நிருவாகம் சார்ந்த ஒன்றாகவோ தோன்றும். குடி நல்லதா தீயதா என வாதிடுவோர் ஒருபுறம் நிற்பர். கடை நடத்துவது அரசின் தொழிலா என வினவுவோர் மறுபுறம் நிற்பர். ஆயின், அவ்வினா எந்த வரலாற்றுக் கட்டத்தில், யாரால், எந்நோக்குடன் மக்கள்முன் வைக்கப்பட்டது என்பதை இவ்விரு சாராரும் பெரும்பாலும் ஆராய்வதில்லை. வாக்காளர் அபிப்பிராயம் என்று நாம் வழங்குவது வானத்திலிருந்து இறங்கும் பொருளன்று. குறிப்பிட்டதொரு வினாவுக்கு, குறிப்பிட்டதொரு காலத்தில், குறிப்பிட்ட சமூக நிலைமைகளுக்கு உட்பட்டோர் அளிக்கும் விடையே அது. ஆதலின் விடையைப் பற்றி ஆராய முற்படுவோர் வினாவின் வரலாற்றையும் ஆராயக் கடமைப்பட்டுள்ளனர்.

இவ்வாய்வுக்கு ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள வொஷிங்டன் மாநிலத்தை எடுத்துக்கொள்கிறோம். (நாட்டின் தலைநகரான வொஷிங்டனுடன் இதனை மயங்குதல் ஆகாது.) ஒரு நூற்றாண்டுக் காலத்துள் அம்மாநில வாக்காளர் மது பற்றிய கேள்விகளுக்குப் பலமுறை நேரடியாக வாக்களித்துள்ளனர். 1914இல் மதுவை விலக்கினர். 1932இல் அவ்விலக்கை நீக்கினர். 1972இலும் 2010இலும் அரச மதுக்கடைகளைத் தனியார்மயமாக்க மறுத்தனர். 2011இல் அதற்கு உடன்பட்டனர். உலகின் பெரும்பாலான நாடுகளில் அரசுடைமைகள் விற்கப்பட்டபோது மக்களின் அனுமதி கேட்கப்படவில்லை. இங்கோ கேட்கப்பட்டது, அதுவும் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டது. எனவே சனநாயகமும் தனியார்மயமும் தம்முள் கொண்டுள்ள உறவை அறிவதற்கு இது தக்கதொரு சான்றாகும்.

2

முதலில் கருவியைப் பற்றிக் கூறுதல் வேண்டும். வொஷிங்டன் மாநிலத்தில் குடிமக்கள் குறிப்பிட்ட தொகையினரின் கையொப்பங்களைத் திரட்டித் தாமே ஒரு சட்டத்தை வாக்கெடுப்புக்கு முன்வைக்கலாம். இவ்வுரிமை 1912இல் அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் பெறப்பட்டது. கிறேஞ்ச் எனப்படும் விவசாயிகள் அமைப்பும் தொழிற்சங்கங்களும் இதற்காகப் போராடியவற்றுள் முக்கியமானவை. புகையிரதக் கம்பனிகளும் மரக் கம்பனிகளும் சட்டசபையைத் தம் கைக்குள் வைத்திருந்த அக்காலத்தில், சட்டசபையைத் தாண்டி மக்களே சட்டமியற்றும் வழியொன்று வேண்டுமெனச் சிறு விவசாயிகளும் தொழிலாளரும் கருதினர். பெருமுதலாளரின் ஆதிக்கத்துக்கு எதிரான ஆயுதமாகவே இம்முறை பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இம்முறை முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட 1914ஆம் ஆண்டிலேயே மதுவிலக்கு வாக்கெடுப்புக்கு வந்தது. பெண்கள் 1910இல் அம்மாநிலத்தில் வாக்குரிமை பெற்றிருந்தனர். மதுக்கடையில் கூலியை இழந்துவிட்டு வரும் கணவனைக் கண்ட குடும்பங்களின் துயரமும், நகரங்களை ஐயத்துடன் நோக்கிய கிராமியப் புரட்டஸ்தாந்தரின் ஒழுக்கநெறியும் இவ்வாக்கெடுப்பில் ஒன்றுசேர்ந்தன. சியற்றில் நகரம் எதிர்த்து வாக்களித்தபோதும் மாநிலம் முழுவதிலும் மதுவிலக்கு வென்றது. அது 1916 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது.

1932 நவம்பர் தேர்தல் எமது ஆய்வுக்குத் திருப்புமுனையாகும். பெருமந்தத்தின் நடுவே நிகழ்ந்த அத்தேர்தலில் அம்மாநில வாக்காளர் ஒரே நாளில் இரு தீர்ப்புகளை வழங்கினர். மாநில மதுவிலக்குச் சட்டங்களை நீக்கினர் என்பது ஒன்று. கிறேஞ்ச் அமைப்பின் ஆதரவுடன் முன்வைக்கப்பட்ட, வருமானம் ஏற ஏற வீதமும் ஏறுகின்ற வருமான வரியை ஏறத்தாழ 70 சதவீத வாக்குகளால் ஏற்றனர் என்பது மற்றையது. குடிப்பவனையும் நுகர்பவனையும் வரி செலுத்தச் சொல்வதற்கு முன்னர், உள்ளவனை வரி செலுத்தச் சொல்வதே அன்றைய வாக்காளரின் நிலைப்பாடாயிருந்தது.

ஆயின் அடுத்து நிகழ்ந்தது வேறு. 1933இல் மாநில உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் வருமான வரிச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. வருமானமும் ஒரு சொத்தே; சொத்துவரி ஒரே சீரானதாக இருத்தல் வேண்டும்; ஆதலின் படிமுறை வரி அரசியலமைப்புக்கு முரணானது என்பதே நீதிமன்றத்தின் தருக்கம். 1934 ஜனவரியில் ஸ்ரீல் சட்டம் எனப்படும் மதுச் சட்டம் நிறைவேறி, மதுக் கட்டுப்பாட்டுச் சபை உருவாயிற்று. 1935இல் விற்பனை வரி வந்தது. மக்கள் விரும்பிய வரி போய், மக்கள்மீது விழும் வரிகள் நிலைத்தன. அரச மதுக்கடையின் பிறப்பை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

3

ஸ்ரீல் சட்டத்தின்படி, வடித்த மதுவகைகளின் மொத்த விற்பனையும் சில்லறை விற்பனையும் அரசின் ஏகபோகமாயின. பியர் விற்பனை அனுமதிபெற்ற தனியாரிடம் விடப்பட்டது. அரச கடையில் போத்தலை வாங்கலாம், அங்கிருந்து குடித்தலாகாது. வடித்த மதுவைக் குவளைக் கணக்கில் உணவகங்களில் விற்பதற்குக்கூட 1948இல் ஒரு வாக்கெடுப்பு வேண்டியிருந்தது. பழைய மதுச்சாலைகளின் இலாப வேட்கையை மீண்டும் தலைதூக்க விடாது, குடியைக் குறைந்த அளவில் வைத்திருப்பதே ஏகபோகத்தின் வெளிப்படையான நோக்கமாகும். விற்பவனுக்கு இலாப நோக்கு இல்லையெனின் விற்பனையைப் பெருக்கும் நோக்கும் இராது என்பதே இதன் அடிப்படைக் கருத்து. இக்கருத்தில் நியாயம் உண்டு. 

எனினும் அரசுக்கு இலாப நோக்கு இல்லாதிருக்கலாம். வருவாய் நோக்கு இல்லாதிருந்ததில்லை. வருமான வரியற்ற மாநிலமொன்றுக்கு மது ஒரு நிலையான வருவாய் ஊற்றாயிற்று. காலப்போக்கில் கொள்விலையின்மேல் அரசு சேர்க்கும் இலாபம் 50 சதவீதத்தைத் தாண்டியது. அதற்கு மேலாக விற்பனை வரியும் இலீற்றர் வரியும் இருந்தன. குடியைக் கட்டுப்படுத்தும் நிறுவனமும் குடியினால் வருவாய் ஈட்டும் நிறுவனமும் ஒன்றாகவே இருந்த முரண்பாடு முக்கால் நூற்றாண்டு நீடித்தது.

இவ்விடத்தில் முற்போக்குச் சிந்தனையாளரிடையே நிலவும் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்தல் அவசியமாகும். அரசுடைமை எதுவாயினும் அது பொதுவுடைமையை நோக்கிய அடியே எனச் சிலர் கொள்வர். பிஸ்மார்க்கின் அரசுடைமைகளைச் சோஷலிஸம் எனக் கொண்டோரை ஏங்கெல்ஸ் எள்ளி நகையாடியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. புகையிலைத் தொழிலை அரசு எடுப்பதே சோஷலிஸமாயின், நெப்போலியனையும் மெற்றர்னிக்கையும் அதன் மூலவர் வரிசையில் சேர்க்க நேரிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். 1876இல் பிரஷ்ய உருளைக்கிழங்குச் சாராயம் பற்றி எழுதியபோது, மதுவின் பின்னால் நிலவுடைமையாளரின் வடிசாலைகள் நிற்பதை அவர் காட்டினார். மதுவை ஆராயும்போது குடிப்பவனின் ஒழுக்கத்தோடு நின்றுவிடாது, வடிப்பவனின் கணக்கேட்டையும் புரட்டவேண்டும் என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம். சோவியத் அனுபவமும் இதற்குப் புறம்பானதன்று. 1914இல் சார் அரசு கொணர்ந்த தடை புரட்சிக்குப் பின்னரும் நீடித்தது. ஆயினும் 1925இல் வொட்கா அரச ஏகபோகமாக மீண்டும் விற்பனைக்கு வந்தது. அரசின் வருவாய்த் தேவையே அதற்கு முக்கிய காரணமாயிற்று.

இவ்வாறு கூறுவதால் வொஷிங்டனின் அரச கடைகள் பயனற்றவை என்பது எம் கருத்தன்று. அங்கு பணிபுரிந்தோர் தொழிற்சங்க உரிமையும் ஓய்வூதியமும் பெற்ற தொழிலாளர். கடைகளின் எண்ணிக்கை, நேரம், விளம்பரம் ஆகியன கட்டுப்பட்டிருந்தன. ஆனால் அக்கடைகளைப் பற்றி வாங்குவோர் கொண்டிருந்த எண்ணம், தமக்குச் சொந்தமான பொதுச்சொத்து என்பதாக இருக்கவில்லை. குறைந்த நேரமே திறந்திருக்கும், விலை கூடிய அரசாங்கக் கந்தோர் என்பதாகவே இருந்தது. தம் உடைமையெனத் தாம் உணராததொன்றைப் பாதுகாக்க மக்கள் நெடுங்காலம் முன்வரமாட்டார்கள்.

4

2008இன் நிதி நெருக்கடி மாநிலத்தின் வரவுசெலவைச் சிதைத்தது. அதன் பின்னணியில் 2010 நவம்பரில் இரு முன்மொழிவுகள் ஒரே வாக்குச்சீட்டில் இடம்பெற்றன. இரண்டுமே அரச மதுக்கடைகளை மூடக் கோரின. வாக்காளருக்கு இது விந்தையாகத் தோன்றியிருக்கும். ஆனால் இரண்டின் பின்னணியிலும் நின்ற முதல்களை வேறுபடுத்தி நோக்கின் விந்தை அகன்றுவிடும்.

1100ஆம் இலக்க முன்மொழிவுக்குப் பின்னால் கொஸ்ற்கோ என்னும் பெருஞ்சில்லறைக் கம்பனி நின்றது. வொஷிங்டன் மாநிலத்தின் இசாக்குவா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் அது. உற்பத்தியாளரிடமிருந்து இடைத்தரகின்றி நேரே வாங்கவும், தொகையாக வாங்குவோருக்கு விலைக்கழிவு பெறவும் அது விரும்பியது. ஆகவே வடித்த மது மட்டுமன்றி, பியர், வைன் ஆகியவற்றின் விநியோகத்தைப் பாதுகாத்த விதிகளையும் நீக்குமாறு அம்முன்மொழிவு கோரியது. 1105ஆம் இலக்க முன்மொழிவுக்குப் பின்னால் மதுபான மொத்த விநியோகக் கம்பனிகள் நின்றன. அரசு விலகவேண்டும் என்பதில் அவை உடன்பட்டன. எனினும் அரசின் இடத்தில் தாமே அமரவேண்டும், சில்லறைக் கடை தம்மூடாகவே வாங்கவேண்டும் என்பது அவற்றின் விருப்பம். பியர் விநியோகஸ்தரோ இரண்டையும் எதிர்த்துப் பணம் செலவிட்டனர். இருந்த ஒழுங்கே அவர்களுக்கு நன்மை பயத்தது.

ஆகவே 2010இன் போராட்டத்தை அரசுக்கும் தனியாருக்கும் இடையிலான போராட்டம் என்பதிலும், சில்லறை முதலுக்கும் மொத்த வணிக முதலுக்கும் இடையே அரசின் ஏகபோகத்தைப் பங்கிடுவது பற்றி எழுந்த பிணக்கு என்பதே பொருந்தும். வாக்காளர் இரு முன்மொழிவுகளையும் நிராகரித்தனர். 1100 ஏறத்தாழ 47 சதவீத ஆதரவையும் 1105 ஏறத்தாழ 35 சதவீத ஆதரவையும் பெற்றன. பணம் தேர்தலை வாங்கிவிடும் எனப் பொறிமுறையாகக் கூறுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். மதுபான விநியோகக் கம்பனிகள் பெருந்தொகை செலவிட்டும் மூவரில் ஒருவரையே தம்பக்கம் ஈர்க்க முடிந்தது.

வாக்காளரின் மறுப்புக்குப் பின்னால் இருந்த காரணங்கள் அற்பமானவை அல்ல. பெற்றோல் நிலையத்திலும் மூலைக்கடையிலும் மது கிடைத்தால் இளைஞர் நிலை என்னாகும், வீதி விபத்துகள் பெருகாவா என்னும் அச்சம் ஒன்று. கடைகளின் வருவாய் போனால் பாடசாலைக்கும் தீயணைப்புக்கும் பணம் எங்கிருந்து வரும் என்னும் கவலை மற்றொன்று. இரண்டாவது கவலை தனியே நோக்கத்தக்கது. ஏனெனில் அதே வாக்குச்சீட்டில் 1098 என்னும் முன்மொழிவும் இருந்தது. தனியொருவர் 200,000 டொலருக்கும், தம்பதியர் 400,000 டொலருக்கும் மேல் ஈட்டும் வருமானத்துக்கு வரி விதிக்கவேண்டும் என்பது அது. ஏறத்தாழ 64 சதவீதத்தினர் அதனை எதிர்த்து வாக்களித்தனர். இனிப்புப் பண்டம், மென்பானம் ஆகியவற்றின் மீதான புதிய வரியையும் அவ்வாக்காளரே நீக்கினர். அதற்கான பிரசாரத்தை மென்பானக் கம்பனிகளின் சங்கமே நடத்தியது. 1932இன் வாக்காளர் செல்வர்மீது வரி விதிக்க விரும்பினர். 2010இன் வாக்காளர் அதனை விரும்பவில்லை. ஆனால் மது வருவாயை இழக்கவும் அஞ்சினர். எழுபத்தெட்டு ஆண்டுகளில் ஏற்பட்ட கருத்துநிலை மாற்றத்தை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறில்லை எனலாம்.

5

ஓராண்டுக்குள் வினா திருத்தி எழுதப்பட்டது. 2011 நவம்பர் 8ஆம் திகதி வாக்கெடுப்புக்கு வந்த 1183ஆம் இலக்க முன்மொழிவு, முந்திய தோல்வியைக் கவனமாகப் படித்தவர்களால் ஆக்கப்பட்டதாகும். வாக்காளரின் ஒவ்வோர் அச்சத்துக்கும் அதில் ஒரு வாசகம் இருந்தது. மூலைக்கடை அச்சத்துக்கு விடையாக, பொதுவிதியாக 10,000 சதுர அடிக்குக் குறையாத கடைகளுக்கே அனுமதி எனக் கூறப்பட்டது. வருவாய் அச்சத்துக்கு விடையாக, சில்லறை விற்பனையாளர் தம் விற்பனையில் 17 சதவீதமும் விநியோகஸ்தர் முதலில் 10 சதவீதமும் அரசுக்குச் செலுத்துவர் என விதிக்கப்பட்டது. பாதுகாப்பு அச்சத்துக்கு விடையாக, ஆண்டுக்கு 10 மில்லியன் டொலர் உள்ளூர்ப் பொதுப் பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்டது.

இம்மூன்றும் வாக்காளரை நோக்கியவை. நான்காவது மாற்றமோ எதிராளியை நோக்கியது. பியர் விநியோக விதிகளில் இம்முறை கைவைக்கப்படவில்லை. அதனால் முந்திய ஆண்டில் எதிர்த்து நின்ற பியர் விநியோகஸ்தர் களத்தில் இறங்குவதற்கான காரணம் அகன்றது. வர்க்கத்தின் உட்பிரிவுகளைப் பிரித்தறிந்து ஒன்றை நடுநிலையாக்கும் தந்திரத்தைத் தொழிலாளர் இயக்கத்தினரிலும் செம்மையாகக் கொஸ்ற்கோவின் சட்டத்தரணிகள் கற்றிருந்தனர்.

ஏறத்தாழ 241,000 கையொப்பங்கள் வேண்டியிருந்தன. அவற்றைக் கூலிக்கு ஆள்வைத்துத் திரட்டும் வசதி கம்பனிக்கு இருந்தது. அது அவ்வாண்டுப் பிரசாரத்துக்குச் செலவிட்ட தொகை 22 மில்லியன் டொலருக்கு மேற்பட்டது. அம்மாநிலத்தின் முன்மொழிவு வரலாற்றில் அதுவரை ஒரு கம்பனி செலவிடாத தொகை அது. எதிர்த்தரப்பின் ஏறத்தாழ 12 மில்லியன் டொலரில் மிகப் பெரும் பங்கு மது மொத்த வியாபாரிகளின் தேசிய சங்கத்திடமிருந்து வந்தது. கடைத்தொழிலாளரின் தொழிற்சங்கமும் எதிர்த்தது. ஆனால் மேடையும் ஒலிபெருக்கியும் மொத்த வியாபாரிகளின் செலவில் அமைந்தவை. ஆகவே அங்கு ஒலித்த வாதமும் அவர்களுக்கு உகந்ததாகவே அமைந்தது. இருதரப்புப் பிரசாரமும் பொதுப் பாதுகாப்பின் பெயராலேயே பேசின. ஏறத்தாழ 59 சதவீதத்தினர் 1183ஐ ஆதரித்தனர்.

ஈராண்டுத் தீர்ப்புகளையும் ஒப்புநோக்கின், வாக்காளரை மதிமயங்கிய மந்தையென்றோ முற்றிலும் சுயாதீனமான தீர்ப்பாளர் என்றோ கொள்ள இயலாது. அவர்கள் சிந்தித்தனர், நிபந்தனை விதித்தனர், அந்நிபந்தனைகள் எழுத்தில் வந்ததும் உடன்பட்டனர். ஆனால் நிபந்தனைகளைச் செவிமடுத்து மீண்டும் வினாவை எழுதும் ஆற்றல், பணம் படைத்த ஒரு தரப்பிடமே இருந்தது. மறுப்பதற்கு மக்களிடம் உரிமை இருந்தது. மாற்று வினாவொன்றை எழுதுவதற்கான உரிமையும் ஏட்டளவில் இருந்தது; அதற்கான வசதி இருக்கவில்லை. 1912இல் விவசாயிகளும் தொழிலாளரும் வென்றெடுத்த கருவி, நூறாண்டு நிறையுமுன்னரே எக்கரங்களுக்கு மாறிற்று என்பதற்கு இதனினும் வேறு சான்று தேவையில்லை.

6

இலக்கிய மாணவர் என்ற வகையில், வாக்குச்சீட்டில் இடம்பெற்ற வாசகத்தையும் ஒரு பனுவலாகக் கொண்டு நோக்குதல் எமக்குரிய கடமையாகும். 1183இன் சுருக்க வாசகம், இந்நடவடிக்கை அரச மதுக்கடைகளை மூடும், அவற்றின் சொத்துகளை விற்கும், தனியாருக்கு உரிமம் வழங்கும், கட்டணம் விதிக்கும், உரிமம் பெற்றோரை ஒழுங்குபடுத்தும் என்ற முறையில் அமைந்திருந்தது. அவ்வாக்கியங்களின் எழுவாய் ‘நடவடிக்கை’ என்பதேயாகும். மூடுபவர் யார், வாங்குபவர் யார் என்பதற்கு இலக்கணத்தில் இடமில்லை. கடை உண்டு, சொத்து உண்டு, உரிமம் உண்டு, கட்டணம் உண்டு. அக்கடைகளில் உழைத்த மனிதர் எவரும் அவ்வாசகத்தில் இல்லை.

இதனைத் தனியொருவரின் சூழ்ச்சி எனக் கொள்ளவேண்டியதில்லை. சட்டமொழியின் இயல்பே அஃது எனலாம். ஆயின் அவ்வியல்பு நடுநிலையானதன்று. மனித உறவுகள் பொருள்களின் உறவுகளாகத் தோற்றமளிக்கும் சமூகத்தில், அதன் சட்டமொழியும் மனிதரை மறைத்துப் பொருள்களையே பேசவைக்கும். வாக்காளர் பேனையைக் கையிலெடுக்கும் கணத்தில் அவர்முன் இருந்தவை ஆம், இல்லை என்னும் இரு கட்டங்கள் மாத்திரமே. கடைகள் தொழிலாளரதும் ஊரவரதும் மேற்பார்வையில் இயங்கலாமா, மாநில வருவாய் மதுவிலிருந்தன்றி வேறெங்கிருந்து வரலாம் என்பவற்றுக்கு அங்கே கட்டம் இருக்கவில்லை.

7

விளைவுகளை நோக்குவோம். முன்மொழிவு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களைக் கொண்டது, ஆதலின் செல்லாது எனத் தொடரப்பட்ட வழக்கை மாநில உயர் நீதிமன்றம் 2012 மே 31ஆம் திகதி ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. 1933இல் மக்கள் தீர்ப்பை ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் வீழ்த்திய அதே நீதிமன்றம், 2012இல் மக்கள் தீர்ப்பை ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் நிலைநிறுத்தியது. மறுநாள், ஜூன் 1ஆம் திகதி, பேரங்காடிகளில் மது விற்பனை தொடங்கிற்று. ஏறத்தாழ 330 ஆக இருந்த விற்பனை நிலையங்கள் விரைவில் 1,400 அளவை எட்டின. 900க்கு மேற்பட்ட அரச ஊழியர் வேலையிழந்தனர்.

அரசு நேரடியாக நடத்திய 167 கடைகளின் விற்பனை உரிமைகள் 2012 ஏப்ரலில் ஏலமிடப்பட்டன. கோரப்பட்ட தொகை மொத்தம் 30 மில்லியன் டொலரைத் தாண்டியது. சிறு முதலீட்டாளர் பலர் சேமிப்பையும் கடனையும் கொட்டி அவற்றை எடுத்தனர். அருகிலேயே பேரங்காடி திறந்தபோது அவர்களாற் போட்டியிட இயலவில்லை. தாம் எடுத்த கடைகளைப் பலர் மூடினர். சிறுவணிகரின் சுதந்திரம் எனப் பேசப்பட்டது பெருவணிகரின் ஆதிக்கமாக முடிந்தது.

விலை குறையும் என எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். முன்னர் விலையட்டையிலே வரிகள் அடங்கியிருந்தன. இப்போது அட்டையில் ஒரு விலையும் காசாளரிடத்தில் வேறொரு விலையும் ஆயின. 17 சதவீதக் கட்டணம், விநியோகஸ்தரின் கட்டணம், 20.5 சதவீத விற்பனை வரி, இலீற்றருக்கு 3.77 டொலர் வரி ஆகிய அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக நுகர்வோர்மீது ஏறின. சராசரி விலை உயர்ந்தது. எல்லையோரத்து மக்கள் அயல் மாநிலங்களான ஒறிகனுக்கும் ஐடஹோவுக்கும் சென்று வாங்கலாயினர். அவ்விரு மாநிலங்களிலும் மதுவிற்பனை அரச கட்டுப்பாட்டிலேயே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. தனியார்மயமான மாநிலத்தவர் மலிவுதேடி அரச ஏகபோகத்தின் வாயிலுக்குச் சென்றனர். அரசின் வருவாயோ குறையவில்லை. வாக்காளரின் அச்சத்தைத் தணிக்க எழுதப்பட்ட கட்டணங்கள் வாக்காளரின் பணப்பையிலிருந்தே அறவிடப்பட்டன.

தொகுத்து நோக்கின் அரசு தன் வருவாயைக் காத்துக்கொண்டது. பெருஞ்சில்லறை முதல் தன் சந்தையைப் பெற்றது. தொழிலாளி வேலையையும் சிறுகடைக்காரர் முதலையும் இழக்க, வாங்குவோர் கூடிய விலை கொடுத்தனர். வாக்களித்தவர்களுள் பெரும்பான்மையினர் பின்னைய மூன்று தரப்பினரைச் சேர்ந்தவர்களே.

8

இவ்வரலாறு எமது வாசகருக்குத் தொலைவான ஒன்றாகத் தோன்றலாம். ஆனால் மதுவும் முதலும் அரசும் பிணைந்த கதையை இலங்கையர் நன்கறிவர். குடியேற்ற ஆட்சிக்காலத்தில் சாராயக் குத்தகை உள்ளூர் முதலாளி வர்க்கத்தின் மூலதனத் திரட்சிக்குத் தலையாய வழியாக அமைந்ததைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியுள்ளார். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த மதுவொழிப்பு இயக்கம் குடியேற்ற அரசின் மதுவரி வருவாயைத் தாக்கியதன் வாயிலாகத் தேசிய இயக்கத்துக்கும் பயிற்சிக்களமாயிற்று. பிரதேச மக்கள் வாக்களித்துத் தவறணையை மூடச்செய்யும் உள்ளூர்த் தெரிவு முறையும் அக்காலத்தில் நடைமுறையிலிருந்தது. எமது நாட்டவரும் மதுபற்றி வாக்களித்த மரபுடையவர்களே.

ஆயினும் உடைமை பற்றிய வினா அவர்கள்முன் ஒருபோதும் வைக்கப்படவில்லை. 1974இல் அமைக்கப்பட்ட அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் 1989இல் பொதுக் கம்பனியாக மாற்றப்பட்டு, 1992இல் தனியார் கைக்கு மாறியது. அன்றைய அரசு இத்தகைய விற்பனைகளை ‘மக்கள்மயப்படுத்தல்’ என்னும் பொருள்பட வழங்கியது. சொல்லில் மக்கள் இருந்தனர், தீர்மானத்தில் இருக்கவில்லை. வொஷிங்டனில் வினா கேட்கப்பட்டது. ஆனால் கேட்டவர் வாங்கப்போகிறவர். இலங்கையில் வினாவே கேட்கப்படவில்லை. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. அது சிறியதுமன்று. கேட்கப்பட்ட இடத்தில் மக்கள் மும்முறை மறுக்க முடிந்தது. முன்மொழிந்தோரைத் திருத்தி எழுதவைக்க முடிந்தது.

மூன்றாவதொரு வழிக்கும் எம்மிடையே முன்னுதாரணம் உண்டு. 1970களில் வடபகுதியில் கள்ளிறக்கும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. சாதியொடுக்குமுறைக்கு உட்பட்டிருந்த இத்தொழிலாளர், குத்தகைக்காரருக்குக் கள்ளை அளந்து கொடுத்துவிட்டு அவர் தந்ததைப் பெறும் நிலையிலிருந்து, தாமே அமைத்த சங்கத்தின்மூலம் விற்கும் நிலைக்கு வந்தனர். அச்சங்கங்களில் குறைகள் இருந்தன. அரசியற் தலையீடும் இருந்தது. எனினும் அரசா, தனியாரா என்னும் இரட்டைக் கட்டத்துக்குள் அடங்காத உடைமைமுறை ஒன்று சாத்தியம் என்பதை அவை நடைமுறையிற் காட்டின. வொஷிங்டனின் வாக்குச்சீட்டில் இல்லாதிருந்த கட்டம் இதுவேயாகும்.

9

இதுவரை கூறியவற்றால் பெறப்படுவது யாது? அரச மதுவிற்பனையைத் தனியார்மயமாக்கல் பற்றிய வாக்காளர் அபிப்பிராயத்தை ஆதரவு இத்தனை சதவீதம், எதிர்ப்பு இத்தனை சதவீதம் எனக் கணக்கிட்டு அமைதல் போதாது. 47 சதவீதத்துக்கும் 59 சதவீதத்துக்கும் இடைப்பட்ட ஓராண்டில் மக்களின் உள்ளம் மாறியது என்பதிலும் வினா மாறியது என்பதே உண்மைக்கு அண்மித்தது. அவ்வினாவின் ஆழத்தில், 1933இல் நீதிமன்றம் அகற்றிய வருமான வரி கிடந்தது. செல்வரிடம் பெறவேண்டியதைப் பெறாத அரசு, குடிப்பவரிடம் பெற்று வாழப் பழகிற்று. அவ்வாறு வாழும் அரசின் கடையைத் தம் கடையாக மக்கள் கருதாதது வியப்பன்று.

அரசுடைமையைப் பாதுகாக்க விழைவோர், விற்பனை மசோதா வந்த பின்னர் எதிர்ப்புக் கூட்டம் நடத்துவதோடு தம் பணி முடிந்ததாகக் கொள்ளலாகாது. அவ்வுடைமையின் நிருவாகத்தில் தொழிலாளருக்கும் பயன்படுத்துவோருக்கும் என்ன பங்கு உண்டு, அதன் வருவாய் எவ்வரிக்குப் பதிலாக அறவிடப்படுகின்றது என்பவற்றை, விற்பனைப் பேச்சு எழுவதற்கு நெடுநாள் முன்னரே மக்களிடையே வினாக்களாக எழுப்புதல் வேண்டும். இன்று எமது நாட்டிலே அரச நிறுவனங்களின் மறுசீரமைப்புப் பற்றிய விவாதங்கள் மீண்டும் மீண்டும் எழுகின்றன. மின்சாரமாயினும் போக்குவரத்தாயினும் வினாவை எழுதும் பேனை எவர் கையில் இருக்கின்றது என்பதே முதலில் கேட்கப்படவேண்டியது.